பைப்பும் பாய்லர்தான்

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் நூறு வயதான வீடு ஒன்றை வாங்கப் போகிறவர் காதில் முதல் நாளே ஒரு தீர்ப்பு விழுந்துவிடும். “இது நீராவியில் சூடாகும் வீடு. ராத்திரியில் இடிக்கும், சீறும். ஒரு அறை வேகும், அடுத்த அறை விறைக்கும். ஸ்டீம் என்றால் அப்படித்தான்.” வீட்டுத் தரகர் சொல்வார். வீட்டைச் சோதித்துச் சொல்ல வருபவர் சொல்வார். அந்தத் தெருவிலேயே பிறந்து வளர்ந்த பக்கத்து வீட்டுக்காரர் அனுபவசாலியின் தோரணையில் சொல்வார். இவர்கள் சொல்வதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். புது பாய்லரைப் பொருத்திவிட்டுக் கைநிறையப் பணம் வாங்கிக்கொண்டு போகும் பிளம்பரும் அதே வசனத்தைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நியூஜெர்சியிலும் குவீன்ஸிலும் பாஸ்டனைச் சுற்றிய ஊர்களிலும் இப்படிப்பட்ட வீடுகளை வாங்கும் நம்மவர்கள் உண்டு. ரேடியேட்டர் என்றால் கார் முன்னால் இருப்பது என்றுதான் அதுவரை அவர்களுக்குத் தெரியும். சன்னலுக்குக் கீழே விலா எலும்பு மாதிரி நிற்கும் வார்ப்பிரும்பு உருப்படி எதற்கு, அது எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று ஒப்பிட்டுப் பார்க்க அவர்களிடம் எதுவுமில்லை. ஆகவே தீர்ப்பை அப்படியே ஏற்றுக்கொண்டு, காதில் பஞ்சை வைத்துக்கொண்டு படுக்கிறார்கள்.

அந்தத் தீர்ப்பு தவறு. சரியாகப் பைப் போட்ட நீராவி வீடு இடிக்காது. நீராவி ஏறத் தொடங்கும்போது ரேடியேட்டரின் மூச்சுத்துளையில் காற்று வெளியேறும் மெல்லிய ஓசை கேட்கும், அவ்வளவுதான். பிறகு அதுவும் அடங்கிவிடும். இடிக்கிற வீட்டில் யாரோ எதையோ தப்பாகச் செய்திருக்கிறார்கள் என்று பொருள். பெரும்பாலும் அந்தத் தப்பு பாய்லரின் தலைக்கு மேலே, மூன்று நான்கு அடி பைப்புக்குள் ஒளிந்திருக்கும்.

இந்த ஏற்பாடு எத்தனை எளிமையானது என்று தெரிந்தால்தான் தப்பு எங்கே நுழைகிறது என்பது புரியும். நிலவறையில் ஒரு பாய்லர். அதில் பாதிக்குச் சற்று மேலே தண்ணீர். கீழே அடுப்பு. ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,700 லிட்டர் இடத்தை அடைக்கும். அந்த விரிவே அதை மாடிவரை கொண்டுபோகிறது. பம்பு கிடையாது, மின்விசிறி கிடையாது. ரேடியேட்டரின் குளிர்ந்த இரும்பைத் தொட்டதும் ஆவி மறுபடி தண்ணீராகிறது. ஆகும்போது கிலோவுக்கு 540 கிலோ கலோரி வெப்பத்தை அறைக்குக் கொடுத்துவிட்டு, தன் எடையாலேயே கீழே வழிந்து பாய்லருக்குத் திரும்புகிறது. ஒற்றைப் பைப் வீடுகளில் ஆவி ஏறுவதும் தண்ணீர் இறங்குவதும் ஒரே குழாயில். இரட்டைப் பைப் வீடுகளில் இறங்குவதற்குத் தனிக் குழாய். இதற்குத் தேவையான அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 2 பவுண்டுக்கும் குறைவு. ஒரு பவுண்டைத் தொடாமலே ஓடும் வீடுகளும் இருக்கின்றன.

இப்படிப்பட்ட அமைதியான வேலைக்குள் இடி எப்படி வந்தது? நீராவியால் தனியாக எதையும் இடிக்க முடியாது. இடிப்பதற்குத் தண்ணீர் வேண்டும். கிடைமட்டமாகப் போகும் குழாய் ஓரிடத்தில் தொய்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தொய்வில் தண்ணீர் தேங்கும். அதன்மேல் வேகமாகப் போகும் ஆவி அலையை எழுப்பும். அலை குழாயின் கூரையைத் தொட்ட கணத்தில் வழி அடைபடும். பின்னால் வரும் ஆவி அந்தத் தண்ணீர்க் கட்டியைத் தள்ளிக்கொண்டு போய் எல்போ என்னும் அடுத்த குழாய் வளைவில் அறையும். இன்னொரு வகை: குளிர்ந்த தண்ணீரால் சூழப்பட்ட ஆவி சட்டென்று தண்ணீராகச் சுருங்கும், 1,700 பங்கு ஒரு பங்காகும். அங்கே உண்டாகும் வெற்றிடத்தை நோக்கி இரு பக்கத்துத் தண்ணீரும் பாய்ந்து மோதும். இரண்டு வகையிலும் குற்றவாளி, இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும் தண்ணீர்.

தண்ணீர் அங்கே போக இரண்டு வழி. ஒன்று வாட்டம் கெட்டுப்போவது. நூறு வருடத்தில் வீடு இறங்கும், குழாயைத் தாங்கும் கொக்கி கழன்றுவிடும், மரத்தரை சாயும். ஆவியும் தண்ணீரும் ஒரே திசையில் போகும் குழாய்க்கு இருபது அடிக்கு ஒரு அங்குலம் வாட்டம் வேண்டும். எதிரெதிர்த் திசையில் போனால் பத்து அடிக்கு ஒரு அங்குலம். ஒரு ரசமட்டமும் ரேடியேட்டர் காலுக்கடியில் வைக்க இரண்டு மரச்சில்லும் இருந்தால் பல வீடுகளில் பாதி இடி அன்றைக்கே ஓய்ந்துவிடும். ஒற்றைப் பைப் ரேடியேட்டரின் வால்வைப் பாதி திறந்து வைப்பதும் இந்தக் கணக்கில்தான் சேரும். அதை முழுக்கத் திறக்க வேண்டும் அல்லது முழுக்க மூட வேண்டும். இவையெல்லாம் சின்ன விஷயங்கள்.

பெரிய விஷயம் இரண்டாவது வழி. பாய்லரே ஆவியோடு தண்ணீரையும் மேலே வாரி இறைப்பது. ஈர ஆவி என்று இதைச் சொல்வார்கள். ஒரு கிலோ ஆவி ரேடியேட்டரில் 540 கிலோ கலோரி தருமென்றால், ஆவியோடு வந்த ஒரு கிலோ வெந்நீர் 100 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஆறும்போது தருவது வெறும் 20. அந்தத் தண்ணீர் அறைக்குச் சூடும் தருவதில்லை, ஆவிக்கு வழியும் விடுவதில்லை. போகிற வழியில் ஆவியைக் குளிரவைத்து, மெயின் பைப்பிலேயே அதைத் தண்ணீராக்கிவிடுகிறது. கடைசி அறைக்குச் சூடு போய்ச் சேராது. அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். எரிவாயுக் கட்டணம் ஏறும். “ஸ்டீம் பணத்தை விழுங்கும்” என்ற இன்னொரு புகார் இப்படித்தான் பிறக்கிறது.

“அந்தக் காலத்திலும் இதே குழாய்தானே, அப்போது மட்டும் ஏன் இடிக்கவில்லை?” என்று கேட்கலாம். நல்ல கேள்வி. நிலக்கரி எரித்த காலத்து பாய்லர் பெரியது. நிறையத் தண்ணீர், அதன்மேல் ஆவி தங்கிப் பிரிய நிறைய இடம், வெளியேற அகலமான வாய்கள். ஆவி நிதானமாகப் புறப்படும். கூட வந்த துளிகள் உள்ளேயே விழுந்துவிடும். இன்றைய பாய்லர் அதன் கால்வாசி இடத்தில் அதே வேலையைச் செய்கிறது. அண்டாவில் அமைதியாகக் கொதித்த உலையைச் சின்னப் பானையில் அதே தீயில் வைத்தால் பொங்கி வழியுமல்லவா, அதுதான் இங்கே நடக்கிறது. தயாரிப்பாளர்களுக்கு இது தெரியும். அதனால்தான் பாய்லருக்குள் இல்லாமற்போன அந்த இடத்தைப் பாய்லருக்கு வெளியே பைப்பாகக் கட்டச் சொல்லி, ஒவ்வொரு பாய்லரோடும் வரும் கையேட்டில் படம் போட்டு, அளவு குறித்துக் கொடுக்கிறார்கள். அந்தப் படத்தில் இருப்பது ஆலோசனை அல்ல. இயந்திரத்தின் மிச்சப் பகுதி. அதை வீட்டிலேயே கட்டி முடிக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்க நீராவி உலகில் நன்கு அறியப்பட்ட டேன் ஹோலஹன் 1992-இல் வெளியிட்ட புத்தகத்துக்கு ‘தி லாஸ்ட் ஆர்ட் ஆஃப் ஸ்டீம் ஹீட்டிங்’ என்று பெயர் வைத்தார். தொலைந்துபோனது நீராவி அல்ல, அதைக் கையாளும் வித்தை என்று அந்தத் தலைப்பே சொல்லிவிட்டது. அதற்குப் பிறகும் நிலவறைகளில் பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை.

படத்தில் இருப்பது இதுதான். பாய்லரின் உச்சியிலிருந்து ரைசர் என்னும் நிலைக்குழாய் ஒன்றோ இரண்டோ நேராக மேலே ஏறும். நீர்மட்டத்திலிருந்து குறைந்தது 24 அங்குல உயரத்தில் ஹெடர் என்னும் பருத்த குறுக்குக் குழாயில் போய்ச் சேரும். ஹெடர் ஒரு பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும். ரைசர்கள் முதலில், வீட்டுக்குள் போகும் மெயின் பைப்புகள் அடுத்து, கடைசி முனையில் கீழே இறங்கும் ஈக்வலைசர் குழாய். வரிசை மாறக் கூடாது. பாய்லரிலிருந்து ஆவியும் தண்ணீரும் கலந்து வருகின்றன. பருத்த ஹெடருக்குள் நுழைந்ததும் வேகம் தணிகிறது. ஆவி திரும்பி மேல்நோக்கி மெயின் பைப்புக்குள் போய்விடும். கனமான தண்ணீரால் அப்படித் திரும்ப முடியாது, நேரே ஓடி ஈக்வலைசரில் விழுந்து பாய்லரின் அடிக்குத் திரும்பிவிடும். எந்த இயந்திரமும் இல்லாமல், குழாயின் பருமனும் போக்கும் மட்டுமே ஆவியை உலர்த்திக் கொடுத்துவிடுகின்றன. எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் இதைக் கண்டுபிடித்தவர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

இதில் எதையாவது சிக்கனப்படுத்தினால் என்ன ஆகும் என்பதை பாஸ்டனை ஒட்டிய ஊர் ஒன்றில் நண்பரின் நிலவறையில் பக்கத்திலிருந்து பார்த்தேன். புது பாய்லர் போட்டு இரண்டாவது குளிர்காலம். “பழசே தேவலாம் போலிருந்ததுங்க, இது அதைவிட மோசமா இடிக்குது. ஸ்டீம்னா அப்படித்தான்னு சொல்லிட்டுப் போயிட்டாங்க,” என்றார். பாய்லரின் பக்கவாட்டில் நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாய் இருக்கும். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அதன் எதிரே நின்றோம். முதல் சில நிமிடங்கள் நீர்க்கோடு அப்படியே நின்றது. ஆவி புறப்பட்டதும் கோடு நடுங்கத் தொடங்கியது. பிறகு இரண்டு அங்குலம் ஏறி இறங்கிக் குதித்தது. திடீரென்று கண்ணாடியே காலி. தண்ணீர் மொத்தமும் மேலே போய்விட்டது. தண்ணீர் குறைந்தால் அடுப்பை அணைக்கும் பாதுகாப்புக் கருவி ‘டக்’ என்று அணைத்தது. தானியங்கி நீரூட்டி புதுத் தண்ணீரைத் திறந்துவிட்டது. மேலே வீட்டுக்குள் சுத்தியலால் அடிப்பது போல இரண்டு முறை விழுந்தது. ஒரு நிமிடம் கழித்து மேலே போன தண்ணீர் திரும்பி வர, கண்ணாடி வழக்கத்தைவிட உயரமாக நிரம்பியது. மறுபடி அடுப்பு, மறுபடி அதே கூத்து. இரவு முழுக்க இப்படியே நடந்தால் விடியும்போது பாய்லர் கழுத்துவரை நிரம்பியிருக்கும்.

தலையைத் தூக்கிப் பார்த்தால் காரணம் கண்முன்னே இருந்தது. அந்த பாய்லருக்கு ஆவி வெளியேற இரண்டு வாய். ஒன்றை அடைப்பான் போட்டு மூடியிருந்தார்கள். மற்றொன்றிலிருந்து இரண்டு அங்குலச் செம்புக் குழாய் ஒரு முழ உயரம்கூட ஏறாமல் டீ என்னும் மூவழி இணைப்பு ஒன்றின் அடிவயிற்றில் முட்டியது. அந்த டீயின் இடக்கையும் வலக்கையும்தான் வீட்டின் இரண்டு மெயின் பைப்புகள். இதற்கு அந்தத் தொழிலில் ‘புல்ஹெட் டீ’ என்று பெயர். செய்யவே கூடாதவற்றின் பட்டியலில் முதலிடம் அதற்கு. ஆவியும் தண்ணீரும் டீயின் கூரையில் மோதிச் சிதறி, பிரிய வழியில்லாமல் இரண்டு பக்கமும் வாரியடித்துக்கொண்டு போகும். கையேடு என்ன சொல்லியிருந்தது? இரண்டு வாயிலிருந்தும் ரைசர், மூன்று அங்குல ஹெடர். இரண்டு அங்குலக் குழாயைவிட மூன்று அங்குலக் குழாயின் வாய்ப்பரப்பு இரண்டு மடங்குக்கும் மேல். அந்த அளவுக்கு ஆவியின் வேகம் தணிந்திருக்கும். கையேடு எரிவாயுக் குழாயில் பிளாஸ்டிக் பையோடு தொங்கிக்கொண்டிருந்தது. பையைப் பிரித்த சுவடே இல்லை.

பிளம்பரின் வழக்கமான பதில் ஒன்று உண்டு: “முன்னால் எப்படி இருந்ததோ அப்படியேதான் இணைத்தேன்.” கேட்பதற்கு நியாயமாக இருக்கும். ஆனால் முன்னால் இருந்த பாய்லர் வேறு. அண்டாவுக்குப் போதுமான வாய் பானைக்குப் போதாது என்பதைத்தான் மேலே பார்த்தோம். தவிர, ‘முன்னால் இருந்தது’ என்பதும் பெரும்பாலும் ஐம்பதுகளிலோ எழுபதுகளிலோ இன்னொருவர் அவசரத்தில் மாற்றியதாக இருக்கும். 1920-இல் வீட்டோடு வந்த குழாய்வேலையைப் பார்த்து நகல் எடுத்திருந்தாலாவது கொஞ்சம் மதிப்பேன். தவறை நகலெடுத்துவிட்டு மரபைக் காப்பாற்றியதாகச் சொல்வதை ஏற்க முடியாது.

செம்புக்கு வருவோம். “செம்புதான் விலை உயர்ந்தது, துருப்பிடிக்காது, நல்லதைத்தானே போட்டேன்” என்பார்கள். குடிதண்ணீருக்குச் செம்பு நல்லது. ஆவி ஹெடருக்கு அது தப்பு. சூடேறினால் இரும்பைவிடச் செம்பு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு நீளும். பத்தடிக் குழாய் ஒவ்வொரு முறை சூடாகும்போதும் இரும்பானால் எட்டில் ஒரு அங்குலம், செம்பானால் ஆறில் ஒரு அங்குலம் நீண்டு, ஆறும்போது சுருங்கும். குளிர்காலத்தில் ஒரு நாளைக்குப் பல தடவை. மரை வெட்டித் திருகிய இரும்புக் குழாயில் எல்போக்கள் மயிரிழை திரும்பி அந்த நீட்சியை வாங்கிக்கொள்ளும். பற்றாசு வைத்து ஒட்டிய செம்பு மூட்டுக்கு அப்படித் திரும்பத் தெரியாது. அது ஒன்று தான் விடும், அல்லது பாய்லரை இழுக்கும். வார்ப்பிரும்பு பாய்லர் பல துண்டுகளைச் சேர்த்துப் பூட்டியது. துண்டுகளுக்கிடையிலுள்ள பூட்டு நெகிழ்ந்தால் பாய்லரே போச்சு. செம்பு போடுவதற்கு உண்மையான காரணம் வேறு. இரும்புக் குழாயை அளந்து, அறுத்து, மரை வெட்டி, இரண்டு பேர் சேர்ந்து திருகிப் பொருத்த நாள் முழுக்க ஆகும். செம்பை ஒருவரே மதியத்துக்குள் ஒட்டிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம். இருபது வருடம் தாங்கிய செம்பு ஹெடரைக் காட்டி வாதிடுகிறவர்கள் உண்டு. தாங்காதவை அவர்கள் கண்ணில் படுவதில்லை, அவற்றைக் கழற்றிப் பழைய உலோகமாகப் போட்டாகிவிட்டது.

படத்தில் இன்னொரு பகுதி உண்டு. அதைப் பலர் அலங்காரம் என்று நினைக்கிறார்கள், சிலர் அதிகாரியைத் திருப்திப்படுத்தும் சடங்கு என்று நினைக்கிறார்கள். ஹார்ட்ஃபர்ட் லூப் என்று பெயர். வீட்டிலிருந்து திரும்பி வரும் தண்ணீர்க் குழாயை நேரே பாய்லரின் அடியில் சேர்க்காமல், மேலே தூக்கி, பாய்லரின் நீர்மட்டத்துக்கு இரண்டு முதல் நான்கு அங்குலம் கீழே ஈக்வலைசரில் சேர்ப்பார்கள். ஏன்? திரும்பும் குழாய் பல வீடுகளில் தரைக்கடியில் புதைந்து கிடக்கிறது. அது அரித்து ஓட்டையானால், நேராக இணைத்த பாய்லரின் தண்ணீர் முழுவதும் யாருக்கும் தெரியாமல் மண்ணுக்குள் போய்விடும். கீழே அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். காய்ந்து சிவந்த இரும்பில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கா பிணங்களை எண்ணிக் கற்றுக்கொண்டது. லூப் இருந்தால் தண்ணீர் அந்த இணைப்பு மட்டத்துக்குக் கீழே வடியாது. பாய்லரைக் காக்கும் அளவுக்கு மிச்சம் நிற்கும்.

இதன் பெயரிலேயே வரலாறு இருக்கிறது. 1865 ஏப்ரல் 27 அன்று மெம்பிஸ் நகரை அடுத்து மிசிசிப்பி ஆற்றில் ‘சுல்தானா’ என்ற நீராவிப் படகின் பாய்லர்கள் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் உள்நாட்டுப் போரில் சிறைப்பட்டு விடுதலையாகி வீடு திரும்பிக்கொண்டிருந்த சிப்பாய்கள். அடுத்த வருடம் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரில், பாய்லர்களைச் சோதித்துக் காப்பீடு வழங்கும் நிறுவனம் ஒன்று தொடங்கப்பட்டது. 1905 மார்ச் 20 அன்று மாசசூசெட்ஸின் பிராக்டன் நகரில் ஒரு செருப்புத் தொழிற்சாலையின் பாய்லர் வெடித்து 58 பேர் இறந்தார்கள். மாசசூசெட்ஸ் பாய்லர் விதிகளை இயற்றியது. அமெரிக்க இயந்திரவியல் பொறியாளர் சங்கம் 1914-இல் தன் முதல் பாய்லர் விதித்தொகுப்பை உருவாக்கியது. இந்த லூப்பை ஹார்ட்ஃபர்ட் நிறுவனம் 1919 வாக்கில் வலியுறுத்தத் தொடங்க, அதன் ஊர்ப் பெயரே குழாய்க்கும் ஒட்டிக்கொண்டது. இப்படி வந்த ஒரு குழாயை “வெறும் சம்பிரதாயம்” என்று சொல்ல யாருக்கு மனம் வரும் என்று தெரியவில்லை.

சடங்காகச் செய்கிறவர்கள் அதையும் கெடுக்கிறார்கள். இணைப்பில் இருக்க வேண்டியது கையிலிருக்கும் மிகக் குட்டையான நிப்பிள், அதாவது இரு முனையிலும் மரை உள்ள குழாய்த்துண்டு. அங்கே நீண்ட நிப்பிளைப் போட்டால், நீர்மட்டம் தாழும்போது ஈக்வலைசரிலிருந்து ஆவி அதற்குள் புகுந்து, திரும்பி வரும் குளிர்ந்த தண்ணீரோடு மோதி இடிக்கும். இணைப்பை நீர்மட்டத்துக்குச் சமமாகவோ மேலாகவோ வைத்தாலும் அதே கதி. அங்குலக் கணக்கில் அக்கறை இல்லாதவர் கையில் காக்கும் குழாயே இடிக்கும் குழாயாகிவிடுகிறது. பிறகு பழி ஸ்டீம்மேல். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

மாடியின் கடைசி அறை சூடாகவில்லை என்று புகார் சொன்னால் உடனே செய்யப்படும் வைத்தியம் அழுத்தத்தை ஏற்றுவது. இதைவிடப் பிடிவாதமான மூடநம்பிக்கையை நான் இந்தத் தொழிலில் பார்த்ததில்லை. சாதாரண அழுத்தத்தில் ஆவியின் சூடு 100 டிகிரி. 2 பவுண்டு ஏற்றினால் 104. இந்த நாலு டிகிரிக்காகவா? ஆவி அந்த அறைக்குப் போகாததற்குக் காரணம் அழுத்தக் குறைவு அல்ல, வழியில் காற்று நிற்கிறது. மெயின் பைப்பின் முடிவில் பெரிய ஏர் வென்ட் ஒன்று வைத்து அந்தக் காற்றுக்கு வழி விட்டால் ஆவி தானே ஓடிப் போகும். அல்லது பைப்பைச் சுற்றியிருந்த பழைய கல்நார் உறையை உடல்நலக் காரணத்துக்காக உரித்துவிட்டு, மாற்று உறை போடாமல் விட்டிருப்பார்கள்; நிலவறையைச் சூடாக்கியே ஆவி தீர்ந்துவிடும். இவற்றைப் பார்க்காமல் அழுத்தத்தை ஏற்றினால் கேடுதான் கூடும். இரட்டைப் பைப் வீட்டில் திரும்பும் குழாய் திறந்த காற்றோடு தொடர்புள்ளது. பாய்லருக்குள்ளிருக்கும் ஒவ்வொரு பவுண்டு அழுத்தத்துக்கும் அந்தக் குழாயில் தண்ணீர் 28 அங்குலம் உயர்ந்து நின்றால்தான் உள்ளே நுழைய முடியும். மூன்று பவுண்டுக்கு 84 அங்குலம், அதாவது ஏழு அடி. பல நிலவறைகளின் உயரமே அவ்வளவுதான். தண்ணீர் எங்கே போகும்? கிடைமட்டக் குழாய்களுக்குள் தேங்கும், இடிக்கும். ஒற்றைப் பைப் வீட்டில் கணக்கு வேறு. மெயின் பைப்பின் இரு முனைக்கும் இடையிலுள்ள அழுத்த வித்தியாசம்தான் அங்கே தண்ணீரைத் தூக்குகிறது. அங்கும் அழுத்தம் கூடினால் ஏர் வென்ட் தன் வேலையை ஒழுங்காகச் செய்யாது, எரிபொருள் வீணாகும், லாபம் ஏதுமில்லை.

பாய்லரின் அளவும் இந்தக் குற்றத்தில் பங்காளி. வீட்டின் சதுர அடியைக் கேட்டோ, பழைய பாய்லரின் தகட்டைப் படித்தோ அளவு சொல்கிறவரை நம்ப வேண்டாம். ஆவி நிரப்ப வேண்டியது ரேடியேட்டர்களை. அறை அறையாகப் போய் ஒவ்வொரு ரேடியேட்டரின் பரப்பையும் அளந்து, சதுர அடிக்கு மணிக்கு 240 பி.டி.யு. என்று கூட்டிப் பார்க்காதவர், எவ்வளவு ஆவி வேண்டும் என்பதே தெரியாமல் பாய்லர் விற்கிறார்.

இத்தனையும் கேட்ட பிறகு, “எதற்கு இந்த வம்பு, சுடுநீருக்கு மாற்றிவிடலாமே, 95 சதவீதத் திறன் கிடைக்கும், நீராவிக்கு 82தானே” என்பார்கள். எண்கள் சரிதான். ஆனால் அந்த 95, திரும்பி வரும் தண்ணீர் ஏறக்குறைய 54 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான். அதைவிட முக்கியமானது, 2 பவுண்டுக்குக் குறைவான அழுத்தத்தையே நூறு வருடமாகத் தாங்கிய மூட்டுகள் சுடுநீரின் 12 பவுண்டைத் தாங்குமா என்பது. கண்ணுக்குத் தெரியாத கசிவுகள் சுவருக்குள் வாயைத் திறக்கும். ஒற்றைப் பைப் வீடானால் எல்லா அறைக்கும் புதிதாக இன்னொரு குழாய் போட வேண்டும். பழைய நீராவி ரேடியேட்டர்களில் பல, துண்டுகள் அடியில் மட்டும் இணைந்தவை, சுடுநீருக்கு ஒத்துவராது. சுவரை உடைத்துச் செய்யும் அந்தச் செலவில் சிறு பங்கு போதும், ஹெடரை ஒழுங்காகக் கட்டிவிடலாம்.

எரிவாயுவையே விட்டுவிட்டு மின்சார வெப்பப் பம்புக்கு மாறுகிறேன் என்று ஒருவர் சொன்னால் அது வேறு வாதம். புவி சூடாவதைக் கருதி எடுக்கும் அந்த முடிவை மதிக்கிறேன், அதோடு சண்டையில்லை. ஆனால் இடிக்கிறது என்பதற்காக நீராவியைப் பிடுங்கி எறிய வேண்டாம். இடியை நிறுத்தும் வழி கையேட்டின் ஒரே ஒரு பக்கத்தில் இருக்கிறது.

“அந்தப் பக்கத்தின்படி செய்தால் கூலி அதிகமாகும், வாடிக்கையாளர் ஒத்துக்கொள்ள மாட்டார்” என்பது கடைசிப் புகலிடம். வாடிக்கையாளரிடம் யார் கேட்டார்கள்? இரண்டு விலைப்பட்டியலை நீட்டி, இதில் ஹெடர் உண்டு, அதில் கிடையாது, விளைவு இன்னது என்று சொன்னவர் எத்தனை பேர்? தொகையை மட்டும் காட்டினால் குறைந்த தொகையைத்தான் யாரும் எடுப்பார்கள். என் நண்பர் முதல் வேலைக்கும் கொடுத்தார், பிறகு எல்லாவற்றையும் கழற்றி மூன்று அங்குல இரும்பில் திரும்பக் கட்டவும் கொடுத்தார். மலிவு எங்கே மிஞ்சியது? இடைப்பட்ட காலத்தில் தானியங்கி நீரூட்டி ஓயாமல் புதுத் தண்ணீரை ஊட்டிக்கொண்டிருந்தது. புதுத் தண்ணீரில் கரைந்து வரும் ஆக்சிஜன் இரும்பைத் தின்னும். அந்த பாய்லர் எத்தனை வருட ஆயுளை இழந்தது என்று எந்த ரசீதிலும் வராது.

ஆகவே பாய்லர் மாற்றப்போகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான். கையெழுத்திடுவதற்கு முன் கையேட்டின் அந்தப் படப்பக்கத்தை நகலெடுத்து ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். குழாய் இரும்பு என்றும், ஹெடரின் அளவு இவ்வளவு என்றும், ரேடியேட்டர்களை அளந்தாயிற்று என்றும் எழுத்தில் வாங்குங்கள். எண்ணெய் வழிப்பதையும் சேர்த்து எழுதுங்கள், ஏனென்றால் பெரும்பாலோர் தவிர்ப்பது அதைத்தான். மரை வெட்டும்போது பூசிய எண்ணெய் புதுக் குழாயிலிருந்து கழுவப்பட்டு பாய்லருக்குள் வந்து நீர்ப்பரப்பில் ஏடாக மிதக்கும். ஆவி அதைக் கிழித்துக்கொண்டு வரும்போது தண்ணீர் துள்ளும், எத்தனை அருமையாக ஹெடர் கட்டியிருந்தாலும். தண்ணீரைக் கொதிக்கவிடாமல் சூடாக்கி, நீர்மட்டத்துக்கு நேரே இருக்கும் வாயைத் திறந்து, பென்சில் பருமனுக்கு மெல்ல மெல்ல வழியவிட வேண்டும். சில மணி நேரம் ஆகும். ஒரு வாரம் கழித்து வந்து மறுபடி செய்யவும் நேரலாம். கடைசித் தவணையை அதற்குப் பிறகு, அடுப்பு முழுதாக எரிந்து ரேடியேட்டர்கள் எல்லாம் சூடேறியபின், கண்ணாடிக் குழாயில் நீர்க்கோடு லேசான அசைவோடு தன் இடத்திலேயே நிற்பதைப் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.